செக்ரோல் இனி யார் கையில்?

கெடா ரப்பர் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குப் பால் கொட்டகை மறந்திருக்காது. விடியுமுன் பெரட்டு, ஆள் கணக்கெடுப்பு. பிறகு நிரைக்குப் போய் மரம் வெட்டி, மங்கு மங்காகப் பால் எடுத்து, காண்டாக் கம்பில் வாளிகளைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு வந்தால், அங்கே நிறுக்க ஒருவர் இருப்பார், எழுத ஒருவர் இருப்பார். எழுதுகிறவர் கிராணி. அவர் செக்ரோல் என்ற வேலைப் பதிவேட்டில் எழுதியதுதான் அன்றைய உழைப்பு. என் அம்மா முப்பது ஆண்டுகளுக்கு மேல் மரம் வெட்டினார். ஒரு நாள்கூட அந்தச் செக்ரோலைப் புரட்டிப் பார்த்ததில்லை. சம்பள நாளில் கையில் வைத்ததை எண்ணிக்கொண்டு, நேரே மளிகைக் கடைக்குப் போவார். அங்கே இன்னொரு கணக்கு, 555 என்ற சின்னக் கணக்குப் புத்தகத்தில். அதையும் கடைக்காரர்தான் எழுதியிருப்பார்.

தோட்டம் துண்டாடப்பட்டு, ரப்பர் செம்பனையாகி, நாம் சுங்கைப் பட்டாணிக்கும் கூலிமுக்கும் லூனாஸுக்கும் பாடாங் செராய்க்கும் வந்துவிட்டோம். பிள்ளைகள் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறுகிறார்கள். அக்காமார் வீட்டுக் கூடத்திலிருந்தே முறுக்கும் மாலையும் ரவிக்கையும் விற்கிறார்கள். கையில் கைப்பேசி இருக்கிறது, அதில் ஆயிரம் செயலிகள் இருக்கின்றன. ஆனாலும் நம்மில் பலர் பழைய வழக்கத்தை விடவில்லை. கணக்கை வேறு யாரோ எழுதுகிறார்கள், அவர்கள் கொடுத்ததை நாம் வாங்கிக்கொள்கிறோம்.

சிறுதொழில் தொடங்குவது, இணையத்தில் விற்பது, வேலையிடத்தில் உரியதைப் பெறுவது ஆகிய மூன்றைப் பற்றியும் நம் வட்டாரத்துக்குப் பயன்படும்படி இங்கே சொல்லப் பார்க்கிறேன். எந்தச் சேவை வேண்டும், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதில் என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன். எல்லாவற்றையும் நான் ஒரே கேள்வியால்தான் எடைபோடுகிறேன். கணக்கு யார் கையில் இருக்கிறது?

கம்பெனி திறக்க வேண்டுமா?

சுங்கைப் பட்டாணிப் பக்கம் ஒரு தாமானில் முறுக்கும் இட்லிப் பொடியும் செய்து விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே அவருக்கு ஆர்டர் நிரம்பிவிடும். அவரிடம் ஒருவர் வந்து, கம்பெனி திறந்தால்தான் கடன் கிடைக்கும் என்று சொல்லி, பதிவுக்கு மட்டும் நாலாயிரம் வெள்ளி கேட்டிருக்கிறார். "தம்பி, நமக்கு அவ்ளோ பெரிய கம்பெனி வேணுமாப்பா?" என்று அக்கா என்னைக் கேட்டார்.

வேண்டாம் அக்கா. நான் அவரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறேன்.

ஒருவர் தனியாக நடத்தும் வியாபாரத்தை 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின் கீழ் எஸ்.எஸ்.எம். எனப்படும் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிந்தால் போதும். மைகார்டில் உள்ள உங்கள் சொந்தப் பெயரிலேயே நடத்தினால் ஆண்டுக் கட்டணம் 30 வெள்ளி. 'அம்மா முறுக்கு' போல வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. வியாபாரத்தைத் தொடங்கிய 30 நாளுக்குள் பதிய வேண்டும். குடியுரிமையோ நிரந்தரவாசத் தகுதியோ இருக்க வேண்டும், 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எஸ்.எஸ்.எம்.மின் ஈஸிபிஸ் இணையத்தளத்தில் வீட்டிலிருந்தே இதைச் செய்யலாம். முதல்முறை உங்கள் அடையாளத்தை உறுதிப்படுத்துவதுதான் கொஞ்சம் இழுக்கும், மற்றது அரை மணி நேர வேலை. வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் உங்களுடையதாக இருக்கட்டும்.

செண்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் நிறுவனம், வேறு கதை. 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டப்படி ஒரே ஆள் இயக்குநராகவும் பங்குதாரராகவும் இருந்து நிறுவனம் தொடங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் பதிவுக் கட்டணமே 1,000 வெள்ளி. 30 நாளுக்குள் நிறுவனச் செயலாளரை நியமிக்க வேண்டும், அவருக்கு மாதா மாதம் பணம் கட்ட வேண்டும். ஆண்டறிக்கை தாக்கல் செய்ய 150 வெள்ளி. அதற்கு மேல் கணக்கறிக்கை, சில நிறுவனங்களுக்குத் தணிக்கை. வியாபாரம் ஓடாத வருடத்திலும் இந்தச் செலவுகள் நிற்பதில்லை. முறுக்கு விற்ற லாபம் செயலாளர் கட்டணத்துக்கே போய்விட்டால் அடுப்புச் சூட்டில் நின்றதற்கு என்ன பலன்?

நிறுவனம் அவசியமாகும் நேரமும் உண்டு. தனிநபர் வணிகத்தில் கடையின் கடனுக்கு நீங்களே முழுப்பொறுப்பு. கடை மூழ்கினால் வீடும் சேர்ந்து ஆடும். லாரி வாங்கி ஓட்டுகிறவர், கட்டுமான வேலை எடுக்கிறவர், கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவில் உள்ள பெரிய ஆலைக்கு உணவோ ஆளோ வழங்க ஒப்பந்தம் கேட்கிறவர், வெளியாளின் முதலீட்டைச் சேர்க்கிறவர் எல்லாருக்கும் செண்டிரியான் பெர்ஹாட் பொருந்தும். இரண்டு மூன்று நண்பர்கள் சேர்ந்து தொழில் செய்கிறார்கள், பொறுப்புக்கு ஒரு வரம்பு வேண்டும், ஆனால் இத்தனை செலவு தாங்காது என்றால், 2012 சட்டத்தின்படி வந்த வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மை இருக்கிறது. அதன் பதிவுக் கட்டணம் 500 வெள்ளி. நம் வட்டாரத்தில் பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை. எந்த ஏஜெண்டும் இதை முன்னால் வைப்பதில்லை.

ஏஜெண்டுக்குக் காசு கொடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. படிவம் நிரப்பத் தெரியாதவர் உதவி கேட்டுக் கூலி கொடுப்பது நியாயம். அரசாங்கக் கட்டணம் எவ்வளவு, அவருடைய கூலி எவ்வளவு என்று இரண்டையும் தனித்தனியாகத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் மைகார்டைக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 2019ஆம் ஆண்டு முதல் எஸ்.எஸ்.எம். பதிவெண் 12 இலக்கமாக வருகிறது. முதல் நான்கு இலக்கம் பதிந்த ஆண்டு. அடுத்த இரண்டு இலக்கம் வகையைச் சொல்லும். 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் வணிகம். மீதி ஆறு வரிசை எண். பத்து ஆண்டு அனுபவமுள்ள செண்டிரியான் பெர்ஹாட் என்று பேசும் ஒருவரின் எண் 2025 என்று தொடங்கி, அடுத்து 03 என்று இருந்தால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி உங்களுக்கே தெரிந்துவிடும்.

பதிவு முடிந்தது என்றால் லைசென்ஸ் முடிந்தது என்று அர்த்தமில்லை. கடை, ஒட்டுக்கடை, விளம்பரப் பலகை எல்லாவற்றுக்கும் உங்கள் பகுதியைப் பொறுத்து சுங்கைப் பட்டாணி நகராண்மைக் கழகமோ கூலிம் நகராண்மைக் கழகமோ அனுமதி தர வேண்டும். சாப்பாட்டுத் தொழில் என்றால் உணவைக் கையாள்வோருக்கான ஒரு நாள் பயிற்சியும் டைஃபாய்டு தடுப்பூசியும் கட்டாயம். ஊசி மூன்று ஆண்டுக்குச் செல்லும். மசாலாத்தூள், ஊறுகாய், முறுக்கு என்று பாக்கெட் போட்டுப் பேரங்காடிக்கு அனுப்பும் ஆசை இருந்தால், உணவுப் பாதுகாப்புக்குச் சுகாதார அமைச்சு தரும் மெஸ்டி சான்றிதழை இப்போதே மனத்தில் வைத்து அடுக்களையை ஒழுங்குபடுத்துங்கள். அடுப்பையும் சுவரையும் கட்டி முடித்தபின் இடித்து மாற்றுவது பெரிய செலவு.

555 புத்தகம், இந்த முறை நம்முடையது

தொழில் தொடங்கியதும் முதலில் என்ன வாங்க வேண்டும் என்று கேட்டால், ஒரு 555 புத்தகம் என்பேன். கணக்கு மென்பொருளுக்கு மாதச் சந்தா கட்டச் சொல்லி விளம்பரங்கள் வரும். நாளுக்கு இருபது பேருக்கு விற்கும் கடைக்கு அது வேண்டாம். இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் போனது, தேதி போட்டு அன்றிரவே எழுதுங்கள். கொஞ்சம் பழகியதும் கூகுள் ஷீட்ஸுக்கு மாறலாம். அதற்கும் காசில்லை, கைப்பேசி தொலைந்தாலும் கணக்கு தொலையாது. மாவு வாங்கிய ரசீதையும் எண்ணெய் வாங்கிய ரசீதையும் படம் பிடித்து ஒரே இடத்தில் போட்டுவையுங்கள். வெயிலில் வைத்த ரசீதுத் தாளில் எழுத்து மறைந்துவிடும். வருமான வரி வாரியமோ ஏழு ஆண்டுக்கு ஆவணம் வைத்திருக்கச் சொல்கிறது.

எழுதிப் பார்த்தபின்தான் பலருக்கு உண்மை தெரிகிறது. முறுக்கு அக்கா மாவு, எண்ணெய், கேஸ், பிளாஸ்டிக் டப்பா என்று எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தார். தன் கூலியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதைச் சேர்த்ததும் ஒரு டப்பாவுக்கு அவர் வைத்திருந்த விலை நட்டத்தில் போய் நின்றது. இரண்டு வெள்ளி ஏற்றினார். வாடிக்கையாளர் யாரும் விலகவில்லை. அவர் செய்யும் முறுக்கின் அருமை அவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அடுத்தது வங்கிக் கணக்கு. எஸ்.எஸ்.எம். சான்றிதழ் வந்த வாரமே வியாபாரத்துக்குத் தனிக் கணக்கு திறந்துவிடுங்கள். வீட்டுச் செலவும் கடைப் பணமும் ஒரே கணக்கில் கலந்தால் லாபமா நட்டமா என்று கடவுளுக்கே தெரியாது. கடன் கேட்டுப் போகும்போது வங்கி முதலில் பார்ப்பதும் அந்தக் கணக்கின் ஆறு மாத வரவுசெலவைத்தான். தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே பகுதிநேரம் வியாபாரம் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். சம்பளக்காரரின் 'பிஇ' படிவம் உங்களுக்குப் பொருந்தாது. வணிக வருமானம் உள்ளவருக்கு 'பி' படிவம், அதன் கடைசி நாள் ஜூன் 30. மின்விலைப்பட்டியல் பற்றி ஊரில் நிறையப் பயம் உலவுகிறது. பெரிய நிறுவனங்களுக்கு 2024 ஆகஸ்டில் தொடங்கிப் படிப்படியாக அது வந்தது. சிறு வியாபாரிகளுக்கான விலக்கு வரம்பு ஒரு முறைக்கு மேல் உயர்த்தப்பட்டது. ஆகவே, இன்றே கட்டாயம் என்று சொல்லி மென்பொருள் விற்க வருகிறவரை நம்பாமல், வரி வாரியத்தின் பக்கத்தில் உங்கள் ஆண்டு விற்பனைக்கு என்ன விதி என்று நேரே பாருங்கள்.

இணையக் கருவிகளில் எதை எடுப்பது? வாட்சாப் பிசினஸ் போதும் என்பது என் கருத்து. பொருள் படமும் விலையும் போட்டுக் கேட்டலாக் வைக்கலாம். காசு கட்டியவர், கட்டாதவர் என்று வாடிக்கையாளருக்கு அடையாளம் குத்தலாம். எல்லாம் இலவசம். நம் பட்டணங்களில் வியாபாரம் நடப்பதே தெரிந்தவர் சொல்லித் தெரிந்தவர் மூலமாகத்தான். அதற்கு வாட்சாப்பைவிடப் பொருத்தமான கருவி இல்லை. கூகுள் வரைபடத்தில் கடையைச் சேர்ப்பதும் இலவசம்தான். அதற்கு இருநூறு முந்நூறு வெள்ளி வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கொடுத்தாலும் கொடுங்கள், ஆனால் பக்கம் உங்கள் மின்னஞ்சலில் இருக்க வேண்டும். பேஸ்புக் பக்கத்தையும் கடைப் பக்கத்தையும் வேறொருவர் பெயரில் திறந்துகொடுத்து, சண்டை வந்ததும் மூன்றாண்டு வாடிக்கையாளர் மொத்தமும் அவரோடு போனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அது மறுபடியும் கிராணி கையில் செக்ரோலைக் கொடுத்த கதைதான்.

ஷாப்பியும் டிக்டாக் கடையும் வேறு வகை. கோலாலம்பூரிலும் ஜொகூரிலும் இருப்பவரிடம் பொருளைக் கொண்டுபோகும் வலிமை அவற்றுக்கு உண்டு. பதிலுக்கு ஒவ்வொரு விற்பனையிலும் பங்கு எடுப்பார்கள், பணத்தைச் சில நாள் வைத்திருந்து தருவார்கள், விதியை அவர்களே மாற்றுவார்கள். உடையாத, கெடாத, எடை குறைந்த பொருளென்றால் போடுங்கள். முதல் மாதம் பத்து விற்பனைக்குக் கமிஷன், பாக்கெட், அனுப்புச் செலவு எல்லாம் கழித்துக் கையில் வந்தது எவ்வளவு என்று 555இல் எழுதிப் பார்த்துவிட்டு இரண்டாம் மாதத்தை முடிவு செய்யுங்கள். நேரலையில் ஆயிரம் பேர் பார்த்தார்கள் என்பது வரவுப் பக்கத்தில் எழுதும் சங்கதி இல்லை.

பணம் வாங்கும் டூயிட்நவ் கியூஆர் இன்று பாசார் மாலாமில் கடலை விற்கிறவரிடமும் இருக்கிறது. நல்லது, எடுங்கள். வாடிக்கையாளர் காட்டும் திரைப்பிடிப்பைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். உங்கள் வங்கிச் செயலியில் பணம் விழுந்ததைப் பார்த்தபின் பொருளைக் கொடுங்கள். காலையில் கடை திறந்ததும் ஒட்டியிருக்கும் கியூஆர் உங்களுடையதுதானா என்று ஒரு வெள்ளி அனுப்பிச் சோதித்துக்கொள்ளுங்கள். மேலே வேறொன்றை ஒட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

நம் தலைமுறைக்கு மிகப் பெரிய தடை மலாயில் கடிதம் எழுதுவது. பேசத் தெரியும், அலுவலக மலாய் வராது. அந்தத் தயக்கத்திலேயே எத்தனையோ விண்ணப்பங்கள் எழுதப்படாமல் போயிருக்கின்றன. சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவை இங்கே உண்மையாகவே கைகொடுக்கின்றன. சொல்ல வேண்டியதைத் தமிழில் பேசிவிட்டு, நகராண்மைக் கழகத்துக்கு மலாயில் மரியாதையான கடிதமாக்கித் தா என்று கேட்டால் தந்துவிடும். மைகார்ட் எண்ணையும் வங்கி எண்ணையும் அதில் போடாதீர்கள், கடைசியில் கையால் எழுதிக்கொள்ளலாம். சட்ட விதியை அதனிடம் கேட்டு அப்படியே நம்பவும் வேண்டாம். தமிழில் தட்டச்சு செய்ய வராது என்கிறவர்களுக்கு ஒரு செய்தி. கைப்பேசியில் தமிழ் எழுதும் வழியை 2005லேயே 'செல்லினம்' என்று கொடுத்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். கணினிக்கு 'முரசு அஞ்சல்' அதற்கும் முந்தியது. வாடிக்கையாளருக்குத் தமிழில் எழுதுங்கள். நம் ஊர்ப் பாட்டிகள் அதைப் படித்துவிட்டுத்தான் ஆர்டர் கொடுக்கிறார்கள்.

முதல் எங்கிருந்து வரும்?

வட்டிக்கு விடும் ஆலோங்கிடம் போகாதீர்கள் என்று சொல்வது எளிது. போகாமல் இருக்க வேறு வாசல் காட்ட வேண்டும். தெக்குன் நேஷனலில் இந்தியச் சமூகத்துக்கென்றே ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. அமானா இக்தியார் நிறுவனம் வங்காளதேசத்துக் கிராமின் வங்கியின் முறையைப் பின்பற்றி 1980களில் இங்கே தொடங்கியது. வாரா வாரம் சிறு தவணையில் கட்டும் முறை அது. அங்கே இந்தியப் பெண்களுக்காக 'பெண்' என்ற பெயரிலேயே ஒரு திட்டத்துக்கு 2024இல் 5 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். பேங்க் ராக்யாட்டில் 'பிரீஃப்-ஐ' கடன் திட்டம் இருக்கிறது. இவற்றில் எதுவும் இனாம் இல்லை, திருப்பிக் கட்ட வேண்டிய கடன். வாராந்திரத் தவணை தினச் சில்லறை வருகிற முறுக்குக்கும் பலகாரத்துக்கும் ஒத்துவரும். கல்யாண அலங்காரம் போல மூன்று மாதம் வேலையும் மூன்று மாதம் ஓய்வுமாக இருக்கும் தொழிலுக்கு ஒத்துவராது. இவர்களில் எவரும் கடனைத் தருவதற்கு முன்னால் தனியாள் கணக்கில் பணம் போடச் சொல்ல மாட்டார்கள். அப்படிச் சொன்னால் அது மோசடி.

கூட்டு, அதாவது சீட்டு, பிடித்து முதல் சேர்ப்பவர்கள் நம்மிடம் நிறைய. அதைப் பற்றி வெளிப்படையாகப் பேச வேண்டும். மலேசியாவில் 1971இல் கூட்டு நிதித் தடைச் சட்டம் வந்தது. நம் 'கூட்டு' என்ற சொல்லே அந்தச் சட்டத்தின் பெயரில் இருக்கிறது. உள்ளே 'சீட்டு' என்ற சொல்லும் இருக்கிறது. கூட்டைத் தொழிலாக நடத்துவது குற்றம். பிடித்தவர் ஓடிவிட்டால் உங்கள் பணத்துக்குக் காகிதமும் இருக்காது, கேட்கப் போக இடமும் இருக்காது. அக்கம்பக்கத்து நம்பிக்கையில் பல குடும்பங்கள் பிள்ளை படிப்பையும் தாலிக்கொடியையும் இதில் எடுத்தது எனக்குத் தெரியும். அந்த நம்பிக்கையை நான் குறைசொல்ல மாட்டேன். அதைக் காகிதத்தில் நிற்க வைக்கும் முறைதான் கூட்டுறவு.

அதற்கு நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1950களின் கடைசியில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட, வரிசை வீடுகளில் இருந்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த நேரத்தில் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்மரத் தொழிலாளிகளிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களையே வாங்கினார். தொடக்கத்தில் வாங்கிய தோட்டங்களில் கெடாவின் புக்கிட் சிடிம் ஒன்று. பெரட்டில் நின்றவர் அந்தத் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார், கையில் பங்குச் சான்றிதழ் இருந்தது. ஐந்து பேர் சேர்ந்து மாவு மெஷின் வாங்குவதானாலும் இதுதான் முறை. யார் எவ்வளவு போட்டார்கள், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் என்ன என்று எழுதி எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள்.

சம்பளச் சீட்டைப் படிப்பது எப்படி

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறந்தது. இன்டெல், இன்ஃபினியன், ஃபர்ஸ்ட் சோலார் என்று உலகப் பெயர்கள் அங்கே உள்ளன. 2024 ஆகஸ்டில் இன்ஃபினியன் தன் புதிய சில்லு ஆலையைத் திறந்தது. சுங்கைப் பட்டாணியில் பாக்கார் ஆராங், தீக்காம் பத்து, இன்னும் தெற்கே பினாங்கின் பிறை என்று தொழிற்பேட்டைகள். நம் பிள்ளைகள் இங்கெல்லாம் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிறார்கள். உலகத்தரமான இயந்திரத்தை ஓட்டுகிற பிள்ளை தன் சம்பளச் சீட்டைப் படிக்காமல் மடித்துப் பையில் வைப்பதுதான் எனக்கு மனம் ஆறாத விஷயம்.

2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. சிறு முதலாளிகளுக்குத் தரப்பட்ட அவகாசமும் அந்த ஆண்டு ஜூலையோடு முடிந்தது. சம்பளக் காலம் முடிந்த ஏழு நாளுக்குள் பணம் வர வேண்டும். 2023 ஜனவரியில் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணி நேரமாகக் குறைந்தது. பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளானது. மணமான தந்தைக்கும் ஏழு நாள் விடுப்பு உண்டு. வயதான தாயைப் பார்த்துக்கொள்ள வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுதிக் கேட்டால், முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். மறுக்கலாம், ஆனால் காரணம் சொல்லி மறுக்க வேண்டும்.

ஓவர்டைம் கணக்கை ஒருமுறை உங்கள் கையால் போட்டுப் பாருங்கள். அடிப்படைச் சம்பளம் 2,080 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 26ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 80 வெள்ளி. இயல்பு வேலை எட்டு மணி நேரம் என்றால் மணிக்கு 10 வெள்ளி. சாதாரண நாளில் கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, அதாவது 15 வெள்ளி. வார ஓய்வு நாளில் இயல்பு நேரத்துக்கும் மேலே செய்தால் இரண்டு மடங்கு. பொது விடுமுறையில் மூன்று மடங்கு, 30 வெள்ளி. மாதத்தில் 104 மணி நேரத்துக்கு மேல் முதலாளி ஓவர்டைம் வேலை வாங்கக் கூடாது. மாதச் சம்பளம் 4,000 வெள்ளிக்கு உட்பட்டவர்களுக்கு இந்த ஓவர்டைம் உரிமை சட்டத்தில் உறுதி. நீங்கள் நின்ற நேரத்தைத் தினமும் கைப்பேசியில் குறித்துவையுங்கள். இன்று இரண்டு மணி கூட நில் என்று சூப்பர்வைசர் வாட்சாப்பில் அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள். உங்கள் செக்ரோல் அதுதான்.

அடுத்து ஊழியர் சேமநிதி. சம்பளம் 5,000 வெள்ளி வரை என்றால் உங்களிடம் பிடிப்பது 11 விழுக்காடு, முதலாளி போடுவது 13 விழுக்காடு. இது அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் விழ வேண்டும். சம்பளச் சீட்டில் பிடித்ததாகக் காட்டிவிட்டு வாரியத்துக்குக் கட்டாமல் விடும் முதலாளிகள் உண்டு. அது குற்றம். குத்தகை ஏஜெண்ட் மூலம் ஆலைக்குப் போகிறவர்கள் இதில் கூடுதல் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். உங்கள் உண்மையான முதலாளி யார், ஆலையா ஏஜெண்டா என்பதைச் சம்பளச் சீட்டின் மேலே இருக்கும் பெயரைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

சொக்சோ எனப்படும் சமூகப் பாதுகாப்புத் திட்டம் ஆலைக்குள் நடக்கும் விபத்துக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழியில் நடக்கும் விபத்துக்கும் அது பொருந்தும். மோட்டாரில் விழுந்தால் போலீஸ் புகாரும் மருத்துவச் சீட்டும் உடனே எடுங்கள், முதலாளியிடம் சொல்லுங்கள். அவர் 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். கிரேப், ஃபூட்பாண்டா ஓட்டுகிற தம்பிகளுக்கும் 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. கிக் தொழிலாளர்களுக்கென்றே தனி மசோதாவை 2025 ஆகஸ்டில் மக்களவை நிறைவேற்றியது. வீட்டைக் கவனிக்கும் 55 வயதுக்குட்பட்ட பெண்களுக்கு 2022 டிசம்பர் முதல் குடும்ப மாதர் பாதுகாப்புத் திட்டம் நடப்பில் உள்ளது. ஆண்டுக்கு 120 வெள்ளிதான். முறுக்கு அக்காவின் கணவர் அதைக் கட்டிவிட்டார்.

சம்பளம் குறைந்தால் முதலில் மனிதவளப் பிரிவில் எழுத்தில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். அங்கே புகார் கொடுக்க வழக்கறிஞர் வேண்டாம். கோபத்தில் மறுநாளே நின்றுவிடாதீர்கள். ஒப்பந்தத்தில் வேறு சொல்லாவிட்டால், இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் நாலு வாரம், ஐந்து ஆண்டுக்குக் குறைவானவர் ஆறு வாரம், அதற்கு மேல் எட்டு வாரம் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பணத்தை நீங்கள்தான் கட்ட வேண்டி வரும்.

வேலையை விட்டு முழுநேரம் தொழிலில் இறங்கலாமா என்று கேட்கும் தம்பி தங்கைகளுக்கு என் பதில் இது. ஆறு மாத வீட்டுச் செலவு வங்கியில் இருக்கட்டும். 555 புத்தகத்தில் தொடர்ந்து ஆறு மாதம் உங்கள் கூலியும் போக லாபம் நிற்கட்டும். இரண்டும் இருந்தால் இறங்குங்கள். சொந்தமாகத் தொழில் செய்கிறவர் ஐ-சாரான் திட்டத்தின் மூலம் சேமநிதியில் தானே பணம் போட்டால் அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது, அதையும் விடாதீர்கள்.

எங்காவது ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு வாய்மூடி இருக்க வேண்டாம். உடனே 997 எண்ணுக்கு அழையுங்கள். தேசிய மோசடி எதிர்ப்பு மையம் அது. பணம் கைமாறிப் போகுமுன் கணக்கை நிறுத்தப் பார்ப்பார்கள், தாமதித்தால் அவர்களாலும் முடியாது.

இதைப் படித்து முடித்ததும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். கைப்பேசியில் சேமநிதியின் ஐ-அக்கவுன் செயலியைத் திறந்து, கடந்த ஆறு மாதச் சந்தாவைச் சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மாதம் விடுபட்டிருந்தாலும் நாளையே கேளுங்கள். வீட்டில் அம்மா அப்பா இன்னும் வேலைக்குப் போகிறார்கள் என்றால், அவர்களையும் பக்கத்தில் உட்கார வைத்து அவர்கள் கணக்கைத் திறந்து காட்டுங்கள்.